முல்லா வீதியில் ஒரு விரிசல்

அத்தியாயம் 9

ஜே.சி.பி. வண்டிக்குப் பசிக்காது; அதை ஓட்டுகிற ராஜாங்கத்துக்குப் பசிக்கும். அந்த ஒரே காரணத்தால்தான் யாகூப் பாயின் வீடு அன்று காலை முல்லா வீதியில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

ராஜாங்கம் தன் வண்டியின் நீட்டிய கைக்கு அடியில் குந்தி, புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவசரம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகிற மின்கம்பியைக் கழற்ற ஆள் வர வேண்டும்; வந்து கழற்றிய கையோடு இடி. வானமும் அதே வேலைக்குக் கூப்பிட்டு வந்தது போலக் கறுத்து, பெய்யாமல், காத்துக்கொண்டிருந்தது.

"தீர்ந்துடுச்சுன்னா இன்னொரு செட்டு நான் வாங்கித் தரேண்ணே," என்றான் ஜெஸ்வின். "குருமா எக்ஸ்ட்ரா. மெதுவா சாப்புடுங்க. அவசரமா தின்னா நெஞ்ச அடைக்கும்."

"இன்னா திடீர் பாசம்?"

"எங்க மதாம் உள்ள யோசிச்சினு இருக்காங்க. அவங்க யோசிச்சு முடிக்கற வரைக்கும் உங்க வாய் நெறஞ்சிருக்கணும்."

மதாம் என்றது ரமீஜாவை. பத்திரம் எழுதிப் பதியும் நோத்தேர் அலுவலகம் ஒன்றில் வெகு காலம் வேலை பார்த்தவள். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் யார் எந்த வரி வரும்போது எச்சில் விழுங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே துப்பறியக் கற்றுக்கொண்டவள். அங்கே வந்துபோன பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் வாய் நிறைய மதாம் மதாம் என்று கூப்பிட்டதில், அவள் தனியாகத் துப்பறியும் நிலையம் தொடங்கியபோது அந்தப் பெயரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய உதவியாளன் ஜெஸ்வின் அதற்கு முன் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். போன ஸ்கூட்டர் ஒன்று திரும்பி வரவில்லை என்று ரமீஜாவிடம் வந்தான். ஸ்கூட்டர் கிடைத்தது. அதற்குப் பிறகு ஸ்கூட்டரும் அவனும் அவளை விட்டுப் போகவே இல்லை.

ரமீஜாவிடம் ஒரு குறை உண்டு. ஒரு இடத்தில் நிற்க வராது. அவளுடைய நிகாஹ்வின்போது சம்மதம் கேட்க வந்த பெரியவர்கள், அவள் பின்னாலேயே அடுப்படி வரைக்கும் நடந்துபோய்த்தான் பதில் வாங்கினார்கள் என்று உறவுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இப்போதும் யாகூப் வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள். ஜெஸ்வின் உள்ளே வந்தான்.

வீட்டின் கீழ்ப்பாதி மரத்தூணும் ஓடுமாகத் தமிழ் பேசும். மேல்மாடி வளைவும் பச்சைச் சன்னலுமாகப் பிரெஞ்சு பேசும். அரசாங்கம் காப்பாற்ற வேண்டிய மரபுக் கட்டடங்களில் இதுவும் ஒன்று. சொந்தக்காரரே ஆசைப்பட்டாலும் ஒரு சன்னலைக் கழற்ற முடியாது. பழுதுபார்க்க மானியம் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் தவறாமல் சொன்னது. அப்படி ஒரு மழையில்தான் கூடத்துச் சுவரில் உத்தரத்திலிருந்து கீழே ஒரு விரிசல் இறங்கியது. யாகூப் குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க இன்ஜினியர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசிவிடுவார்கள். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இங்கே இரண்டு பட்டைகள் வைத்திருந்தார்கள். கை எட்டும் உயரத்தில் ஒன்று, உத்தரத்துக்குப் பக்கத்தில் இருட்டில் ஒன்று. கீழே இருந்தது உடைந்துவிட்டது. உடனே இன்ஜினியர் கோபிநாத், 'அபாயக் கட்டடம், அகற்றவும்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு சன்னலைக்கூடத் தொடாதே என்று மிரட்டிய அதே அலுவலகம், இப்போது மொத்தமாக அள்ளிக்கொண்டு போக வண்டி அனுப்பியிருந்தது.

"தங்கச்சி, இது என் தம்பி அனஸ் வேலதான்," என்றார் யாகூப். தையல் மெஷின் உதிரிபாகம் விற்கிற கடைக்காரர். அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் வாசல் வரை கேட்டது. "வித்துடலாம் வித்துடலாம்னு என் உசிர எடுத்தான். நான் முடியாதுன்னேன். கண்ணாடிய ஒடச்சு விட்டுட்டான். சாயங்காலத்துக்குள்ள எங்க அத்தா பொறந்த வீடு லாரியில போயிடும்."

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. நான் நடக்கணும்." ரமீஜா அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கண்ணாடியின் முன் குனிந்தாள். "ஜெஸ்வின், இதுல இன்னா தெரியுது?"

"என் மூஞ்சி."

"அதத் தவிர."

"நடுவுல பொட்டு வெச்ச மாதிரி ஒரு சின்ன ஓட்ட. அதுலேருந்து நாலு பக்கமும் கோடு ஓடுது."

"அந்தக் கோட்டுக்குள்ள ஒரு முடி நுழையுமா பாரு."

ஜெஸ்வின் தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி முயன்று பார்த்தான். நுழையவில்லை. "இருக்கறதே கொஞ்சம் மதாம். அதுலயும் ஒண்ணு கேசுக்காகப் போச்சு."

"சுவரு விலகி இது ஒடஞ்சிருந்தா ரெண்டு பாதியும் சுவரோட சேந்து விலகியிருக்கும். இது இன்னும் ஒட்டினு நிக்குது. மேல ஏறு."

பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வந்தது. ஜெஸ்வின் செல்போன் வெளிச்சத்தோடு உத்தரத்துக்கு அருகே தலையை நீட்டினான்.

"முழுசா இருக்கு மதாம்! மேல ஒரு சிலந்தி குடும்பத்தோட குடியிருக்குது. வீட்டக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அதுக்கு மட்டும் வரல போல."

"சுவரு சாஞ்சா தலதானே மொதல்ல சாயும்? தல ஆடல, இடுப்பு மட்டும் எப்படி ஒடியும்?" ரமீஜா மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "இது சுவரு ஒடச்சது இல்லண்ணே. கை எட்டின எடத்துல கை ஒடச்சது."

"அதத்தான நானும் சொல்றேன்! அனஸ்!"

ரமீஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் புழங்காத கூடம். விரிசலிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு, தரை முழுக்க மாவு கொட்டியது போல் படிந்திருந்தது. உடைந்த கண்ணாடிக்கு நேர் கீழே மட்டும் ஒரு முறத்தளவு இடம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

"ஒடச்சவங்க பெருக்கிட்டுப் போயிருக்காங்க," என்றாள்.

"ரொம்ப நாகரிகமான குத்தவாளி," என்றான் ஜெஸ்வின். "வுட்டா தொடச்சு பினாயில் போட்டுட்டுப் போயிருப்பாங்க."

"சிரிக்காதடா. ஷூ போட்டவனுக்குக் கீழ கெடக்கற கண்ணாடித் துண்டப் பத்தி இன்னா கவல? வெறுங்கால்ல நடக்கறவங்களுக்குத்தான் அந்த நெனப்பே வரும்."

யாகூப் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். தோல் செருப்பு. "வாழ்ந்த வரைக்கும் நான் செருப்போட இங்க வந்ததில்ல தங்கச்சி. இன்ஜினியர் சார்தான் சொன்னாரு. கழட்டாதீங்க, இது இனிமே வீடு இல்ல, சைட்டுன்னு."



"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, அனஸ்கிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு."

"கம்பி கழட்ட ஆள் வந்தா எனக்கு போன் போடுங்க. அது வரைக்கும் வெளிய இருக்கறவருக்கு டீ வாங்கிக் குடுத்துனே இருங்க." சொல்லி முடிக்கும்போது ரமீஜா வாசல் தாண்டியிருந்தாள்.

ஜெஸ்வினின் ஸ்கூட்டர் இதற்கு முன் ஒரு பென்ஷன்காரரிடம் இருந்தது. அவர் தினமும் ஒரு குறிப்பிட்ட ஒயின் ஷாப் வாசலில் நிறுத்துவது வழக்கம். வண்டி கை மாறியது, வழக்கம் மாறவில்லை. அந்த வாசல் வந்ததும் தானாகவே அணைந்துவிடும். கடைக்காரரும் எழுந்து ஒரு குவார்ட்டரை எடுத்து மேஜைமேல் வைப்பார். தலையில் முக்காடோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் ரமீஜாவைப் பார்த்ததும் அதைத் திரும்ப உள்ளே வைப்பார்.

"வேற வழியா போகத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் மதாம். வண்டிக்குத் தெரியாது."

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் அனஸின் ரியல் எஸ்டேட் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் ஷூ. அனஸ் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் போனை மேஜைமேல் வீசினான்.

"வாங்கக்கா. நான்தான் ஒடச்சேன்னு சொன்னாரா அண்ணன்? அவரக் கொசு கடிச்சாக்கூட நான்தான் சொல்லி அனுப்பினேம்பாரு."

"விக்கணும்னு நீங்க நச்சரிச்சது பொய்யா?"

"இல்ல. விக்கணும்னுதான் சொன்னேன். இடிக்கணும்னு எப்பக்கா சொன்னேன்?" அனஸ் சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டினான். பழைய மரத்தூண், பழைய கதவு, நடுவே ஒரு நீச்சல் தொட்டி. "இப்படி ஓட்டல் நடத்தறவனுக்குப் பழசுதான் வேணும். எங்க வீட்டு போட்டோவ அனுப்பினேன். விரிசலப் பாத்துட்டு வேணாம்பான்னு பயந்துனு இருந்தேன். 'அந்த விரிசல அப்படியே வெச்சிருங்க, அதுக்கு ஒரு லைட்டு போடலாம்'னு சொல்றான்! இடிச்சாச்சுன்னா அது வெறும் மனை. அதுவும் வண்டி திரும்பாத சந்துல. காலையிலேருந்து இந்த கோபிநாத்துகிட்ட கத்தினு இருக்கேன். போன எடுக்க மாட்டேங்கறாரு."

ரமீஜா அறைக்குள் ஒரு சுற்று வந்தாள். அவள் பின்னாலேயே பார்த்துப் பார்த்து அனஸின் கழுத்து சுளுக்கியிருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்ப அந்தக் கூடத்துக்குள்ள செருப்பில்லாம யாரு வருவா?"

"செருப்பில்லாமலா? அந்த மண்ணுலயா?" அனஸ் யோசித்தான். "யாரும் இல்லக்கா. இருங்க. ஒரு பொண்ணு. மரபுக் கட்டடப் பிரிவுல இருக்குதே, ஜெர்லின்னு. அளவெடுக்க வரும். வாசல்லயே செருப்பக் கழட்டி ஓரமா வெச்சிட்டுத்தான் உள்ள கால் வெக்கும். பொறந்து வளந்தவங்க நாங்க ஷூவோட நிப்போம், அது வெறுங்கால்ல நிக்கும். எனக்கே ஒரு மாதிரி கூச்சமா இருக்கும்."

"ஜெர்லினா?" ஜெஸ்வின் சிரித்துவிட்டான். "எங்க பங்குக் கோயில்ல பாட்டுப் பாடற பொண்ணு மதாம் அது. இந்த வீட்டுக்கு ரிப்பேர் வேணும்னு எல்லா ஆபீஸ் வாசல்லயும் நிக்கும். அது போய் ஒடைக்குமா? ஆடு போய்க் கறிக்கட திறந்துச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தபோது ரமீஜா பாதிப் படி இறங்கியிருந்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரே தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள். இந்தப் பக்கம் மரபுக் கட்டடப் பிரிவு. அந்தப் பக்கம் அபாயக் கட்டடப் பிரிவு. இது காப்பாற்றும்; அது இடிக்கும். நடுவே ஒரு தண்ணீர்க் கேன். இரண்டு பிரிவும் சேர்ந்து செய்து முடித்த ஒரே காரியம், தினமும் அந்தக் கேனைத் தீர்த்ததுதான்.

ஜெர்லின் அபாயப் பிரிவின் வாசலில் நின்று, "சார் எப்ப வருவாரு?" என்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது மதிக்கலாம். கண் வீங்கியிருந்தது. "சார் முல்லா வீதி சைட்டுக்குக் கௌம்பிட்டாரும்மா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவள் திரும்பி நடந்தாள். வலது குதிகால் தரையில் படாமல், விரல் நுனியால் நடந்தாள். குதிகாலில் ஒரு பிளாஸ்திரி.

அவ்வளவுதான். ஆடு கறிக்கடை ஜோக்கை ஜெஸ்வின் மனசுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டான்.

"யாகூப் அண்ணன் வீட்டு விஷயமா வந்திருக்கேன். கால்ல இன்னாம்மா?" என்றாள் ரமீஜா.

"ஒண்ணுமில்ல மதாம். முள்ளு."

"முள்ளா? இல்ல, பெருக்கும்போது ஒரு துண்டு தப்பிப் போச்சா?"

ஜெர்லின் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எங்க பிரிவுல ஒரு வழக்கம் மதாம். கண்ணாடி ஒடஞ்ச வீட்டுக்குத்தான் ரிப்பேர் மொதல்ல. ஒடையாத வீடெல்லாம் வரிசையில நிக்கணும். யாகூப் ஐயா வீடு எத்தன மழையா நிக்குது தெரியுமா? இந்த மழையில தண்ணி எறங்கி உத்தரம் போச்சுன்னா அப்புறம் மானியம் வந்தும் பிரயோசனம் இல்ல. ஒரு கண்ணாடிதானேன்னு..." குரல் தாழ்ந்தது. "ஸ்பூனால ஒரு தட்டு தட்டினேன்."

"ஸ்பூனா?"

"டிபன் பாக்ஸ் ஸ்பூன்."

"ஆயுதம் கெடச்சிடுச்சு மதாம்," என்றான் ஜெஸ்வின் மெதுவாக. "லெமன் சாதம் வாசன வரும்."

"ஒடஞ்சிருக்குன்னு நானே எழுதி வெச்சேன். எங்க ரூம்லயேதான் இருக்கும்னு நெனச்சேன். ஒடஞ்ச கண்ணாடி எல்லாம் மொதல்ல எதிர் ரூமுக்குப் போகணும்னு புதுசா ஒரு உத்தரவாம். எனக்குத் தெரியாது மதாம்."

அந்தக் கட்டடத்தில் கோப்புகள் ஆமையிடம் நடை பழகியவை. ஒரு கோப்பு மேஜையிலிருந்து மேஜைக்குப் போவதற்குள் மேஜைக்காரர் ஓய்வு பெற்று, அவர் மகன் அதே மேஜைக்கு வேலைக்கு வந்த சரித்திரமும் உண்டு. யாகூப் வீட்டுக் கோப்பு மட்டும் தாழ்வாரத்தை ஒரே தாவலாகத் தாவிக் கையெழுத்து வாங்கி, வண்டியும் ஏறிவிட்டது. காப்பாற்றச் சொல்லி எழுதியிருந்தால் அது இன்னும் கேனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்.

"கோபிநாத் சார்கிட்ட சொன்னியா?"

"இடிக்காதீங்கன்னு காலையிலேருந்து கெஞ்சறேன்."

"அத இல்ல. ஸ்பூனச் சொன்னியா?"

ஜெர்லின் தலை குனிந்துகொண்டாள். "நான் பர்மனென்ட் இல்ல மதாம். கான்ட்ராக்ட். நானே சேதம் பண்ணேன்னு எழுதிட்டா இங்க மட்டும் இல்ல, எங்கயும் என்ன எடுக்க மாட்டாங்க. அம்மாவுக்கு நான் ஒருத்திதான்."

ரமீஜாவின் போன் அடித்தது. யாகூப். ஒலிபெருக்கி போடாமலேயே தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "தங்கச்சி, கம்பி கழட்டறவன் வந்துட்டான்! ஏணியில ஏறிட்டான்!"

ரமீஜா வெளியே ஓடினாள். ஜெர்லினைக் கூட வா என்று அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் இந்த முறை ஒயின் ஷாப் வாசலில் நிற்கவில்லை. கடைக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

முல்லா வீதியில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. சுருட்டிய மின்கம்பி ஓரமாகக் கிடந்தது. ராஜாங்கம் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான். அந்த உறுமலில் அக்கம்பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் நடுங்கின. யாகூப் பாய் வாசற்படியில் நின்றிருந்தார். நகரச் சொன்னாலும் நகர மாட்டார் போலிருந்தது. எதிர்ப் பக்கத்து டீக்கடைக் கூரையின் கீழ் குடை பிடித்தபடி இன்ஜினியர் கோபிநாத். அவர் அபாயக் கட்டடங்களை எல்லாம் எதிர்ப் பக்கத்து டீக்கடையிலிருந்தே பரிசோதிப்பவர். ஊரில் எந்தக் கட்டடம் ஆபத்தானது என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் எந்தக் கடை டீ நல்லது என்று தெரியும்.

"சார், மேல ஒரு கண்ணாடி இருக்கு. பாத்தீங்களா?" என்றாள் ரமீஜா.

"கீழ ஒடஞ்சதே போதும்மா."

"மேல பாத்தீங்களான்னு கேட்டேன்."

கோபிநாத் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எனக்கு உயரம் ஆகாது."

"வண்டிய நிறுத்தச் சொல்லிட்டு ஏறுங்க சார்," என்றான் ஜெஸ்வின். "நான் புடிச்சிக்கறேன். வுழுந்தா என் மேலதான் வுழுவீங்க. எனக்குத்தான் சேதம்."

வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கோபிநாத் உள்ளே வந்து ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயர் சொன்னார். பாதி ஏணியில் இந்து சாமிகள் தீர்ந்துபோய், அந்தோணியாரையும் கூப்பிட்டுக்கொண்டார். மேலே போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க சார். சிலந்தி கடிக்காது."

கோபிநாத் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு இரண்டாவதையும்.

"முழுசா இருக்கு," என்றார்.

"கீழ இருக்கறதுல விரிசல் கோடு முடிகூட நுழையாம ஒட்டினு நிக்குது. சுவரு நகரல சார்," என்றாள் ரமீஜா.

"சரி. நகரல." ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டே கோபிநாத் கீழே பார்க்காமல் பேசினார். "அப்போ எப்படி ஒடஞ்சது? ஆர்டர வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும். யார் ஒடச்சாங்கன்னு எழுதினா வாபஸ். காரணம் இல்லன்னா சுவர்தான் காரணம், இடிச்சித்தான் ஆகணும். நீங்கதானே துப்பறியறீங்க? சொல்லுங்க. யாரு?"

யாகூப் ரமீஜாவைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த கூட்டம் அவளைப் பார்த்தது. ஜெஸ்வினுக்கு விடை தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு அவனும் அவளையே பார்த்தான். அப்போதுதான் அவன் அதைக் கவனித்தான். ரமீஜா நடக்கவில்லை. கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். அவளோடு சேர்ந்த நாளிலிருந்து அவன் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

"சொல்லும்மா," என்றார் கோபிநாத் மேலிருந்து. "கை மரத்துப் போகுது எனக்கு."

"நான்தான் சார்."

வாசற்பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். மழையில் நனைந்து, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் ஜெர்லின் நின்றிருந்தாள்.

"ஏய், நீ வாய மூடு!" என்று யாகூப் பதறினார். "தங்கச்சி, இந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்லுது!"

"பொய் இல்ல ஐயா. ரிப்பேர் சீக்கிரம் வரும்னு நான்தான் தட்டினேன். வேற யாரும் இல்ல சார். எழுதிக்குங்க."

கோபிநாத் முதல் முறையாகக் கீழே பார்த்தார். பார்த்ததும் மறுபடி உத்தரத்தையே பார்த்துக்கொண்டார். அங்கிருந்தபடியே, "ராஜாங்கம்! வண்டிய ஆஃப் பண்ணு!" என்று கத்தினார்.

உறுமல் நின்றது. ஓட்டில் மழை விழும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

"எழுதறேன்," என்றார் கோபிநாத். "மேல இருக்கற கண்ணாடிய நான் பாக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்னும் எழுதணும். இல்லன்னா கணக்கு ஒத்து வராது. உன்ன வீட்டுக்கு அனுப்புவாங்க. என்ன காரைக்காலுக்கு அனுப்புவாங்க. அங்க கட்டடமெல்லாம் எவ்ளோ ஒசரம்னு தெரியல." கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல யாராவது என்னக் கீழ எறக்கி வுடுங்க."

அவரை இறக்க ஜெஸ்வினும் கம்பி கழற்ற வந்தவனும் ஆளுக்கொரு கால் பிடிக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் அவர் ஜே.சி.பி.யின் முன்பக்கத்தில் தாளை வைத்து, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு குற்றத்தையும் தன் கையாலேயே எழுதினார். தன்னுடையதை முதலில் எழுதினார். ராஜாங்கம் பின்பக்கமாகவே வண்டியைச் சந்திலிருந்து எடுத்துப் போனான். வீதியில் இருந்த ஒவ்வொருவரும் அவனுக்கு வழி சொன்னார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி.

ஜெர்லின் கூடத்தில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ரமீஜா மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"நான் சொல்லலன்னா நீங்க சொல்லியிருப்பீங்க இல்ல மதாம்?" என்றாள் ஜெர்லின். "அந்த பயத்துலதான் ஓடியாந்தேன்."

ரமீஜா சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். "நான் சொல்லியிருக்க மாட்டேன்."



"அப்போ வீடு?"

"அதுதான் தெரியல. நடுவுல நின்னேனே, அப்பவும் தெரியல. இப்ப கேட்டாலும் தெரியல."

 வெளியே யாகூப் பாய் டீக்கடைக்காரரிடம் எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை டீ என்று திரும்பத் திரும்ப மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வந்தது நல்லதாப் போச்சு," என்றாள் ஜெர்லின், முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே. "உங்க யோசன முடியறதுக்குள்ள ராஜாங்கம் அண்ணன் முடிச்சிட்டுப் போயிருப்பாரு."